கணினி கேள்வி–பதில்: கார்டுகள் மோதிக்கொள்ளும்போது

பழைய கணினியைத் தொழிலுக்காக இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பவர்களின் கேள்விகளுக்கு மட்டும் இந்த இதழில் பதில். எல்லாருக்கும் பொதுவாக ஒன்று: மூடியைத் திறக்கும் முன் பிளக்கைச் சுவரிலிருந்து உருவிவிடுங்கள். எந்தக் கார்டு எந்த ஸ்லாட்டில் இருந்தது, எந்த ஜம்பர் (பின்களை இணைக்கும் சிறு துண்டு) எந்தப் பின்னில் இருந்தது என்பதைக் கழற்றுவதற்கு முன்பே கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள்.

கேள்வி: ஸ்டிக்கர் வெட்டும் கடை வைத்திருக்கிறேன். விண்டோஸ் 98 போட்ட பென்டியம் கணினி. மவுஸ் காம் 1 என்ற சீரியல் போர்ட்டில் இருக்கிறது. வினைல் வெட்டும் பிளாட்டரை, பிறகு வாங்கிச் செருகிய சீரியல் கார்டில் காம் 3-ஆக வைத்திருக்கிறேன். பிளாட்டர் வெட்டத் தொடங்கினால் மவுஸ் நின்றுவிடுகிறது. மவுஸை அசைத்தால் வெட்டு பாதியில் நின்று வினைல் வீணாகிறது. தைப்பூச வேலைகள் வரும் நேரம். பிளாட்டரை மாற்ற வேண்டுமா?
– வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

பதில்: மாற்ற வேண்டாம். பிளாட்டரும் நன்றாக இருக்கிறது, மவுஸும் நன்றாக இருக்கிறது. இரண்டும் ஒரே ஐஆர்கியூவில் உட்கார்ந்திருப்பதுதான் கோளாறு.

ஒரு கருவி தன்னைக் கவனிக்கச் சொல்லி பிராசசரைக் கூப்பிடும் கம்பிதான் ஐஆர்கியூ. உங்கள் கணினியில் 0 முதல் 15 வரை மொத்தம் 16 கம்பிகள். அவற்றில் 0 டைமருக்கு, 1 கீபோர்டுக்கு, 6 பிளாப்பிக்கு, 8 கடிகாரத்துக்கு, 13 கணக்குப் போடும் பகுதிக்கு, 14-உம் 15-உம் ஹார்டு டிஸ்க், சிடி டிரைவுக்கு. எண் 2, இரண்டாவது கட்டுப்பாட்டுச் சிப்பை இணைக்கவே போய்விடுகிறது. மிச்சத்தில் காம் 1-உம் காம் 3-உம் வழக்கமாக 4-ஐப் பகிர்கின்றன. காம் 2-உம் காம் 4-உம் 3-ஐ. போர்ட் முகவரிகள் வேறு என்பதால் (காம் 1-க்கு 3எஃப்8, காம் 3-க்கு 3இ8) இரண்டு போர்ட்டும் பட்டியலில் வந்துவிடும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் பயன்படுத்தும்வரை எந்தக் குறையும் தெரியாது.

ஐஎஸ்ஏ என்ற பழைய வகை ஸ்லாட்டில் கம்பியின் மின்னழுத்தம் கீழிருந்து மேலே ஏறும் அந்தக் கணம் மட்டுமே அழைப்பாக எடுத்துக்கொள்ளப்படும். ஒரு கார்டு கம்பியை ஏற்கெனவே மேலே பிடித்திருந்தால், இன்னொன்று கூப்பிடும்போது ஏற்றமே நடக்காது. அந்த அழைப்பு தொலைந்தது. உங்கள் வினைல் வீணாவது இங்கேதான்.

முதலில் மதர்போர்டின் பின்புறம் 6 பின் கொண்ட வட்டமான மவுஸ் சாக்கெட் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் வேலை எளிது: ஒரு பிஎஸ்/2 மவுஸ் வாங்கி அதில் மாட்டினால் மவுஸ் 12-க்குப் போய்விடும், 4 பிளாட்டருக்கே கிடைக்கும். கணினியை அணைத்துவிட்டு மாட்டுங்கள். ஓடும்போது செருகினால் அந்தப் போர்ட் பழுதாகலாம். பழைய சீரியல் மவுஸை மாற்று முனை போட்டு இதில் செருகுவது எல்லா மவுஸுக்கும் சரிவராது.

அது இல்லையென்றால் காம் 2 சும்மா கிடக்கிறதா பாருங்கள். பின்புறம் சாக்கெட் இல்லாவிட்டாலும் போர்டில் 10 பின் கொண்ட வரிசை இருக்கும். அதிலிருந்து 9 பின் சாக்கெட்டுக்கு வரும் கேபிள் தேவை. இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. அந்தக் கேபிளில் இரண்டு விதமான இணைப்பு முறைகள் உள்ளன, பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். தவறானதைப் போட்டால் பயோஸிலும் (கணினி எழுந்ததும் முதலில் ஓடும் அடிப்படை நிரல்) விண்டோஸிலும் காம் 2 ஒழுங்காகத் தெரியும், பிளாட்டர் மட்டும் அசையாது. போர்டைக் குறை சொல்லும் முன் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

இரண்டு வழியும் இல்லையென்றால்தான் கார்டின் ஜம்பரைத் தொட வேண்டும். கார்டின் அடிப்பக்க முனையைப் பாருங்கள். ஒரே துண்டாகக் குட்டையாக இருந்தால் அது 8 பிட் கார்டு. 10, 11 போன்ற கம்பிகள் அதற்கு எட்டவே எட்டா. சவுண்ட் கார்டு இல்லாவிட்டால் 5-இல் வையுங்கள். இரண்டு துண்டாக நீண்டிருந்தால், கார்டில் அந்த வசதி இருக்கும் பட்சத்தில், 10 அல்லது 11 நல்லது.

ஜம்பரை மாற்றியதை விண்டோஸ் தானாக அறியாது. கண்ட்ரோல் பேனலில் சிஸ்டம், டிவைஸ் மேனேஜர், போர்ட்ஸ், காம் 3 என்று போய் ரிசோர்சஸ் பக்கத்தைத் திறந்து, தானியங்கி அமைப்புக்கான குறியை எடுங்கள். கீழே உள்ள பட்டியலில் அடிப்படை அமைப்புகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். சில, ஐஆர்கியூவை மாற்ற விடாது. விடுவதைத் தேர்ந்து, ஐஆர்கியூ வரியை இருமுறை கிளிக் செய்து, ஜம்பரில் வைத்த அதே எண்ணைக் கொடுங்கள். அடியில் மோதல் எதுவும் இல்லை என்ற செய்தி வந்தால் மட்டுமே ஓகே கொடுத்து மறுபடி தொடங்குங்கள்.

கேள்வி: டியூஷன் மையத்துப் பழைய கணினியில் பிசிஐ (ஐஎஸ்ஏவுக்குப் பின் வந்த ஸ்லாட் வகை) நெட்வொர்க் கார்டு போட்டோம். நெட்வொர்க் வேலை செய்கிறது, ஆனால் ஐஎஸ்ஏ சவுண்ட் கார்டுக்குப் பக்கத்தில் மஞ்சள் குறி வந்து சத்தம் போய்விட்டது. விண்டோஸை இரண்டு முறை புதிதாகப் போட்டும் பயனில்லை.
– ஆசிரியை, பட்டர்வொர்த்

பதில்: விண்டோஸை மறுபடி போட்டதில் உங்கள் நேரம்தான் போயிருக்கிறது, டீச்சர். கம்பிகளைப் பங்கிடுவது விண்டோஸுக்கு முன்பே எழுந்துகொள்ளும் பயோஸ். சவுண்ட் பிளாஸ்டர் வகைக் கார்டுகள் பொதுவாக முகவரி 220, ஐஆர்கியூ 5, டிஎம்ஏ (பிராசசரைத் தொடாமல் நினைவகத்துக்குத் தரவு போகும் வழி) 1 என்று அமைந்திருக்கும். 16 பிட் கார்டென்றால் டிஎம்ஏ 5-உம் சேரும். ஜம்பர் வைத்த கார்டு அங்கே இருப்பது பயோஸுக்குத் தெரியாது. 5 காலியாக இருக்கிறதென்று நினைத்து அதைப் புது நெட்வொர்க் கார்டுக்குக் கொடுத்துவிட்டது.

கணினி தொடங்கும்போது டெலீட் விசையை அழுத்தி பயோஸுக்குள் போங்கள். பிளக் அண்ட் பிளே, பிசிஐ அமைப்புகள் உள்ள பக்கத்தில், ரிசோர்சஸ் யார் கையில் என்ற வரியை ஆட்டோவிலிருந்து மேனுவலுக்கு மாற்றினால் ஐஆர்கியூக்களின் பட்டியல் விரியும். அதில் 5-ஐ ‘லெகசி ஐஎஸ்ஏ’ என்று வையுங்கள்; டிஎம்ஏ 1-ஐயும் அப்படியே. அதே பக்கத்தில் ‘ரீசெட் கான்ஃபிகரேஷன் டேட்டா’ என்ற வரியை எனேபிள் செய்யுங்கள். இதை விட்டுவிட்டால் பயோஸ் தன் பழைய பங்கீட்டையே நினைவில் வைத்துக்கொண்டு மறுபடி கொடுக்கக்கூடும். எஃப்10 அழுத்திச் சேமியுங்கள். அடுத்த முறை பார்க்கும்போது அந்த வரி டிசேபிள் ஆகியிருந்தால் பயப்பட வேண்டாம், வேலை முடிந்ததும் அது தானே மாறிக்கொள்ளும்.

பிறகு விண்டோஸை சேஃப் மோடில் தொடங்கி டிவைஸ் மேனேஜரைத் திறங்கள். சாதாரணமாகக் கண்ணில் படாத பழைய பதிவுகள் அங்கே தெரியும். ஒரே சவுண்ட் கார்டு இரண்டு மூன்று தடவை இருந்தால் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, வழக்கம்போலத் தொடங்கி டிரைவரை ஒரே ஒரு முறை போடுங்கள்.

கேள்வி: இரண்டாவது ஹார்டு டிஸ்க் மாட்டியதும் இரண்டுமே தெரியவில்லை.
– வாசகர், ஆயர் ஈத்தாம்

பதில்: ஒரே கேபிளில் உள்ள இரண்டையும் மாஸ்டராக, அதாவது முதல் டிஸ்க்காக, வைத்திருப்பீர்கள். ஒன்றை மாஸ்டராகவும் மற்றதை ஸ்லேவாகவும் வையுங்கள். வெஸ்டர்ன் டிஜிட்டல் டிஸ்க்காக இருந்தால் கூடுதலாகக் கவனியுங்கள்: தனியாக இருப்பதற்கு ஒரு ஜம்பர் நிலை, ஸ்லேவோடு சேர்ந்த மாஸ்டருக்கு வேறு நிலை. டிஸ்க்கின் மேல் ஒட்டிய படத்தில் இருக்கும். கேபிளின் சிவப்புக் கோடு பின் 1 பக்கம் இருக்கட்டும்.

கேள்வி: விண்டோஸ் எக்ஸ்பி கணினியில் நாலைந்து கருவிகள் ஒரே ஐஆர்கியூ 9-இல் இருக்கின்றன. மோதல்தானே?
– கல்லூரி மாணவர், செந்தூல்

பதில்: இல்லை. பிசிஐ கார்டுகள் ஒரே கம்பியைப் பகிரும் வகையில் செய்யப்பட்டவை, எக்ஸ்பி அவற்றை வேண்டுமென்றே ஒன்றாகச் சேர்க்கும். மஞ்சள் குறி இல்லையென்றால் கை வைக்காதீர்கள். குறி இருந்தால் அதைத் திறந்து பிழைக் குறியீட்டு எண்ணைப் பாருங்கள்: 12 என்றால் உண்மையான மோதல், 28 என்றால் டிரைவர் போடவில்லை, 10 என்றால் கருவி தொடங்க முடியவில்லை. 10 வந்தால் முதலில் கார்டை வேறு ஸ்லாட்டுக்கு மாற்றிப் பாருங்கள். கிராஃபிக்ஸ் கார்டுக்கான ஏஜிபி ஸ்லாட்டுக்குப் பக்கத்து ஸ்லாட் பல போர்டுகளில் அந்தக் கார்டோடு கம்பியைப் பகிர்கிறது, அதை விட்டுத் தள்ளிச் செருகுங்கள்.

கேள்வி: பயோஸில் எல்லாம் சரிசெய்கிறேன், அன்று முழுதும் நன்றாக ஓடுகிறது. மறுநாள் காலை அதே மோதல். தேதியும் தவறாக இருக்கிறது.
– வாசகி, ஜார்ஜ் டவுன்

பதில்: தேதியைச் சொன்னதே பாதி விடை. மதர்போர்டில் உள்ள பேட்டரி தீர்ந்துவிட்டது. இரவில் மின்சாரத்தை அணைத்ததும் நீங்கள் வைத்த அமைப்பு முழுதும் அழிந்துபோகிறது. வட்டமான 3 வோல்ட் பேட்டரி, சிஆர்2032, கைக்கடிகாரக் கடையிலேயே கிடைக்கும். கூட்டல் குறி மேலே தெரியும்படி வையுங்கள். மாற்றியதும் பயோஸில் தேதியோடு ஐஆர்கியூ அமைப்புகளையும் ஒரு முறை திரும்பக் கொடுக்க வேண்டும்.

உங்கள் கணினி, பென்டியத்துக்கு முந்திய 486 காலத்துப் போர்டாக இருந்தால் பேட்டரி உருளையாக, நேரே பற்றவைக்கப்பட்டிருக்கலாம். அந்த நிக்கல் காட்மியம் பேட்டரி கசிந்தால் சுற்றியுள்ள செப்புத் தடங்களை அரித்துவிடும். பச்சையாகப் பூத்திருப்பது தெரிந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் அதை வெட்டி எடுக்கச் சொல்லுங்கள். கடலோரக் காற்றில் கார்டுகளின் பொன்னிற முனைகளும் மங்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, காய்ந்தபின் செருகுங்கள். தேடும் பழைய கார்டும் கேபிளும் புதுக் கடைகளில் இல்லையென்றால் பினாங்கு லோரோங் கூலிட் காலைச் சந்தையில் ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள்.

கேள்வி: இந்தத் தொல்லையே வேண்டாமென்று புதுக் கணினிக்கு மாறினால், யுஎஸ்பி மாற்றுக் கேபிள் போதுமா? சீரியலில் ஓடும் பார்கோடு பிரிண்டர் ஒன்று, பிரிண்டர் போர்ட்டில் டாங்கிள் (மென்பொருளைத் திறக்கும் சாவிபோன்ற சிறு கருவி) கேட்கும் பழைய தமிழ் அச்சுக்கோப்பு மென்பொருள் ஒன்று.
– அச்சகத்தார், ஜெலுத்தோங்

பதில்: பார்கோடு பிரிண்டருக்குப் பெரும்பாலும் போதும். டிவைஸ் மேனேஜரில் புதுப் போர்ட்டின் எண்ணைக் காம் 1 முதல் 4-க்குள் கொண்டுவாருங்கள். பழைய மென்பொருள் அதற்கு மேல் பார்க்காது. டாங்கிளுக்குப் போதாது. யுஎஸ்பி பிரிண்டர் கேபிள் அச்சடிக்க மட்டுமே தெரிந்தது, டாங்கிள் தேடும் 378 என்ற முகவரியை அது தராது. பிசிஐ எக்ஸ்பிரஸ் பேரலல் கார்டு போட்டாலும் முகவரி வேறாகத்தான் வரும், முகவரியைக் கைப்பட மாற்றவிடும் மென்பொருளாக இருந்தால் மட்டும் பலிக்கும். அந்த மென்பொருளுக்காகப் பழைய கணினியை வைத்துக்கொள்ளுங்கள். அதில் டாங்கிள் அவ்வப்போது தெரியாமல் போனால், பயோஸில் பிரிண்டர் போர்ட்டை இசிபி என்ற வேக முறையிலிருந்து சாதாரண எஸ்பிபி முறைக்கு மாற்றுங்கள். டிஎம்ஏ 3-உம் அதோடு விடுபடும்.