கூகுளில் என் கடை ஏன் கீழே கிடக்கிறது?

இந்த முறை வந்த கேள்விகள் எல்லாமே கூகுள் மேப்பைச் சுற்றித்தான். கடைக்காரர்கள் பலர் ஊர் மட்டும் போட்டால் போதும், பெயர் வேண்டாம் என்று கேட்டிருந்தார்கள். அப்படியே செய்திருக்கிறோம்.

திண்டுக்கல் வாசகர்: நாகல் நகர் பக்கம் மிக்ஸி, கிரைண்டர், இண்டக்ஷன் அடுப்பு ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். பன்னிரண்டு வருஷத்துக் கடை, 60 ரிவ்யூவுக்கு மேல் இருக்கிறது. போன வருஷம் பஸ் ஸ்டாண்டு பக்கம் வந்த கடைக்குப் பத்துப் பதினைந்துதான். ஆனால் ‘மிக்ஸி ரிப்பேர்’ என்று தேடினால் அவர் மேலே வருகிறார், நான் எங்கோ கீழே. கடைப் பெயரோடு ‘மிக்ஸி கிரைண்டர் ரிப்பேர் நியர் பஸ் ஸ்டாண்டு’ என்று சேர்த்து வைத்திருக்கிறார். நானும் சேர்த்துவிடலாமா?

சேர்க்காதீர்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன், அதற்கு முன்னால் உங்கள் லிஸ்டிங்கிலேயே, அதாவது கூகுள் மேப்பில் உங்கள் கடைக்கு இருக்கிற பக்கத்திலேயே, ஒரு கோளாறு இருக்கிறது. நீங்கள் அனுப்பிய லிங்க்கைத் திறந்து பார்த்தால் பிரைமரி கேட்டகரி, அதாவது இது என்ன வகைக் கடை என்று சொல்கிற முதல் கட்டம், ‘எலெக்ட்ரானிக்ஸ் ஸ்டோர்’ என்று கிடக்கிறது. அதாவது டிவி, ஸ்பீக்கர் விற்கிற கடை என்று நீங்களே கூகுளிடம் எழுதிக் கொடுத்துவிட்டு, ரிப்பேர் தேடுகிறவர்கள் ஏன் வரவில்லை என்று கேட்கிறீர்கள். அதை ‘அப்ளையன்ஸ் ரிப்பேர் சர்வீஸ்’ வகைக்கு மாற்றுங்கள். பிரைமரி ஒன்று, அதற்கு மேல் ஒன்பது வரை சேர்க்கலாம். ஆனால் ஒன்பதையும் நிரப்பியே ஆக வேண்டும் என்று ஃபேன், ஏசி, வாஷிங் மெஷின் எல்லாம் போடாதீர்கள், நிஜமாகச் செய்கிற வேலை மட்டும் போதும். எனக்குத் தெரிந்து சின்னக் கடைகள் கீழே போவதற்கு இந்த ஒரு கட்டம்தான் பெரும்பாலும் காரணம், யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை.

அடுத்து, எங்கிருந்து தேடினீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. உள்ளூர்த் தேடலில் மூன்று விஷயங்களைப் பார்க்கிறோம் என்று கூகுளே சொல்கிறது. தேடியதற்கும் கடைக்கும் எவ்வளவு பொருத்தம், தேடுகிறவர் நிற்கும் இடத்திலிருந்து எவ்வளவு தூரம், கடைக்கு வெளியே எவ்வளவு பெயர். இதில் தூரத்தை நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது. பஸ் ஸ்டாண்டில் நின்று தேடுகிறவருக்கு அந்தக் கடைதான் பக்கம், அவர் மேலே வருவது நியாயம்தான். அதே ஆள் உங்கள் தெருவுக்கு வந்து தேடினால் வரிசை மாறலாம். அதனால் ஒரு நாள் வண்டியை எடுத்துக்கொண்டு ரயில் நிலையம் பக்கம், சாலை ரோடு, பஸ் ஸ்டாண்டு என்று நின்று நின்று தேடிப் பாருங்கள், அதுவும் உங்கள் கடைக்கு அடிக்கடி வராத யாருடைய போனிலாவது. நமக்கு எந்தப் பக்கத்து ஆட்கள் கிடைக்கிறார்கள், எந்தப் பக்கம் வீண் ஆசை என்பது அப்போதுதான் புரியும்.

மாற்ற முடிந்தது பொருத்தம். ‘சர்வீசஸ்’ பகுதி உங்களுக்குக் காலியாக இருக்கிறது. அங்கே ஜார் புஷ் மாற்றுவது, கப்ளர், கார்பன் பிரஷ், காயில் கட்டுவது, டில்டிங் கிரைண்டர் பெல்ட் என்று கடையில் வாயால் சொல்கிற வார்த்தைகளையே எழுதுங்கள். போட்டோ என்று பார்த்தால் கடை போர்டு ஒன்றுதான் இருக்கிறது, அதுவும் ஷட்டர் இறக்கிய நேரத்தில் எடுத்தது. பெஞ்சில் மோட்டாரைப் பிரித்து வைத்திருக்கிறபோது ஒன்று, ஸ்பேர் அடுக்கிய ஷெல்ஃப் ஒன்று, தெருவிலிருந்து கடை தெரிகிற மாதிரி பகல் வெளிச்சத்தில் ஒன்று எடுத்துப் போடுங்கள். ரிவ்யூ எழுதுகிறவரிடம் ‘ஸ்டார் மட்டும் போடாமல் என்ன வேலை செய்தோம்னு ஒரு வரி எழுதுங்க’ என்று சொல்லலாம், தவறில்லை. ‘கிரைண்டர் காயில் கட்டிக் கொடுத்தார்’ என்று யாராவது எழுதியிருந்தால், அதையே தேடுகிறவருக்குக் கடைப் பெயருக்குக் கீழே அந்த வரியைக் கூகுள் எடுத்துக் காட்டுவதுண்டு.

இப்போது பெயர் விஷயம். பெயரில் இப்படிச் சொற்களைத் திணித்தால் சில காலம் பலன் தெரியத்தான் செய்யும், இல்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் போர்டில் என்ன பெயரோ அதுதான் லிஸ்டிங்கிலும் இருக்க வேண்டும் என்பது கூகுளின் விதி. மீறினால் லிஸ்டிங்கையே முடக்கினாலும் முடக்கிவிடுவார்கள், மீட்க போர்டு போட்டோ, பில் என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள், அதுவரை மேப்பில் நீங்கள் இல்லை. பன்னிரண்டு வருஷத்துக் கடைக்கு இந்த விளையாட்டு வேண்டாம். அவர் பெயர் உறுத்தினால் அவர் லிஸ்டிங்கில் ‘சஜஸ்ட் அன் எடிட்’ அழுத்தி, போர்டில் உள்ள சரியான பெயரை எழுதி அனுப்புங்கள். அது புறம் பேசுவதாகாது, அதற்காகத்தான் அந்தப் பட்டனே இருக்கிறது.

கரூர் வாசகர்: ‘கூகுளிலிருந்து பேசுகிறோம், வருஷம் 15,000 கட்டினால் உங்கள் பர்னிச்சர் கடை முதல் இடத்தில் வரும், கட்டாவிட்டால் லிஸ்டிங் எடுக்கப்படும்’ என்று போன் வந்தது. நம்பலாமா?

நம்பாதீர்கள். லிஸ்டிங் இலவசம், அதில் மேலே வருவதற்குக் காசு வாங்குவதில்லை என்று கூகுள் எழுதியே வைத்திருக்கிறது. காசு கட்டிப் போடுவது விளம்பரம், அதன் மேல் ‘ஸ்பான்சர்டு’ என்று இருக்கும், காசு நின்றால் அதுவும் நிற்கும். போனில் ஓடிபி கேட்டால் கொடுத்துவிடாதீர்கள். அந்த எண் போனால் சில சமயம் கடை லிஸ்டிங்கே அடுத்தவர் கைக்குப் போய்விடும்.

உள்ளூரில் யாராவது பையன் இந்த வேலையை நன்றாகச் செய்கிறான், மாதம் இவ்வளவு என்று பேசிக் கொடுக்கலாம் என்றால் அது வேறு விஷயம், தாராளமாகக் கொடுங்கள். ஆனால் லிஸ்டிங் உங்கள் ஜிமெயிலில் இருக்க வேண்டும், அவர் ‘மேனேஜர்’ ஆகத்தான் சேர வேண்டும், ‘ஓனர்’ ஆக அல்ல. பிறகு மனஸ்தாபம் வந்தாலும் ஒரு பட்டனில் நீக்கிவிடலாம். வேலைக்கு வந்தவர் தன் ஜிமெயிலில் லிஸ்டிங் தொடங்கிவிட்டுப் போய்விட்டார், இப்போது போனே எடுப்பதில்லை என்று எத்தனை பேர் எழுதுகிறார்கள் தெரியுமா? அப்படி மாட்டியவர்கள் அந்த லிஸ்டிங்கிலேயே உரிமை கேட்டு விண்ணப்பிக்கலாம், பதில் வராவிட்டால் அதற்கும் வழி இருக்கிறது, கொஞ்சம் பொறுமை வேண்டும்.

ஈரோடு வாசகி: மணப்பெண் அலங்காரம் செய்கிறேன். கடை கிடையாது, மண்டபத்துக்கே போய்ச் செய்வேன். வீட்டு முகவரியை மேப்பில் போட வீட்டில் சம்மதிக்கவில்லை, எனக்கும் பயமாக இருக்கிறது. வழி உண்டா மேடம்?

உண்டு. பதிவு செய்யும்போது ‘வாடிக்கையாளர் இங்கே வருவார்களா’ என்ற கேள்விக்கு இல்லை என்று சொல்லுங்கள், முகவரி வெளியே தெரியாது. அதற்குப் பதில் நீங்கள் போய் வேலை செய்யும் ஊர்களைக் கேட்கும். 20 வரை போடலாம், வீட்டிலிருந்து சுமார் இரண்டு மணி நேரப் பயணத்துக்குள் இருக்க வேண்டும் என்பது கணக்கு. பெருந்துறை, பவானி, கோபி, சத்தியமங்கலம் எல்லாம் இதில் அடங்கும். ஆனால் ஊர்ப் பெயரைச் சேர்த்துவிட்டதால் மட்டும் கோபியில் தேடுகிறவருக்கு நீங்கள் மேலே வந்துவிட மாட்டீர்கள். வீடு ஈரோட்டில் என்பது கூகுளுக்குத் தெரியும், பலம் அதைச் சுற்றித்தான் இருக்கும். கோபி கல்யாணங்களுக்கு இன்ஸ்டாகிராமும் மண்டபக்காரர் வாய்ச்சொல்லும்தான் இதைவிட உதவும்.

தொழில் நிஜமாகவே நடக்கிறதா என்று கூகுள் செய்யும் சரிபார்ப்புக்கு இப்போதெல்லாம் பெரும்பாலும் வீடியோ கேட்கிறார்கள். நிறுத்தாமல் ஒரே ஓட்டமாக எடுக்க வேண்டும், முன்பே எடுத்து வைத்த வீடியோவை ஏற்ற முடியாது. தெருப் பெயர்ப் பலகையில் தொடங்குங்கள், வீட்டுக் கதவை நீங்களே சாவி போட்டுத் திறங்கள், உள்ளே வேனிட்டி பாக்ஸ், ரிங் லைட், நகை செட், ஹேர் எக்ஸ்டென்ஷன் எல்லாம் தெரியட்டும், கடைசியில் தொழில் பெயரும் முகவரியும் உள்ள ஒரு காகிதம். சிறு தொழில்களுக்கு அரசு தரும் உத்யம் சான்றிதழ் இருந்தால் அதையே காட்டலாம், அந்தப் பதிவு இலவசம், இதற்கும் யாரோ ‘ஏஜென்ட்’ காசு கேட்பார், கொடுக்காதீர்கள். வீடியோவில் மற்றவர் முகமோ பேங்க் பாஸ்புக்கோ வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் தடவை நிராகரித்தால் மனம் தளர வேண்டாம், அது சகஜம்.

பாளையங்கோட்டை வாசகர்: மெஸ் நடத்துகிறோம். எழுத்தே இல்லாமல் ஒரு ஸ்டார் மட்டும் போட்டிருக்கிறார்கள், போட்டிக் கடைக்காரர் வேலைதான், எனக்கு நன்றாகத் தெரியும். நீக்க முடியுமா? சாப்பிட வருகிறவர்களுக்கு ஒரு பாயசம் இலவசம் என்று சொல்லி ஐந்து ஸ்டார் வாங்கலாமா?

இரண்டாவது கேள்விக்கு முதல் பதில்: கூடாது. ரிவ்யூவுக்கு இலவசம், தள்ளுபடி எதுவும் தரக்கூடாது என்பது கூகுள் விதி. நம் நாட்டிலும் ஆன்லைன் ரிவ்யூக்களுக்கு என்று 2022-ல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐஎஸ் 19000 என்ற தரநிலையை வெளியிட்டிருக்கிறது. தவிர, ஒரே மத்தியானத்தில் முப்பது ஐந்து ஸ்டார் வந்தால் சாப்பிட வருகிறவருக்கே சந்தேகம் வரும். கல்லாப் பக்கத்தில் ரிவ்யூ க்யூஆர் கோடை ஒட்டி வையுங்கள், அதை லிஸ்டிங்கிலிருந்தே எடுக்கலாம். காசு வாங்கும்போது ‘முடிஞ்சா ரெண்டு வரி எழுதுங்க அண்ணே’ என்றால் எழுதுகிறவர் எழுதுவார். சந்தோஷமாகப் போகிறவரிடம் மட்டும் கேட்டு, முகம் சுளித்தவரைத் தள்ளி அனுப்புவதும் விதிக்கு விரோதம்தான்.

அந்த ஒரு ஸ்டார்? போட்டிக்காரர் போட்டது என்றால் ரிப்போர்ட் செய்யுங்கள், ஆனால் ‘எனக்குத் தெரியும்’ என்பது அவர்களுக்குப் போதாது, அது நீங்காமலே போக வாய்ப்பு அதிகம். கீழே பதில் போடுங்கள்: ‘வணக்கம். என்ன குறை என்று எழுதவில்லை. எந்த நாள் வந்தீர்கள் என்று சொன்னால் சமையலறையில் விசாரிக்கிறோம். மெஸ் எண்ணுக்கே கூப்பிடலாம்.’ அவ்வளவுதான். இதைப் படிக்கப்போவது அவர் அல்ல, மதியம் எங்கே சாப்பிடலாம் என்று பார்க்கிற பத்துப் பேர். சண்டை போட்டால் அந்தப் பத்துப் பேரும் பக்கத்து மெஸ்ஸுக்குப் போய்விடுவார்கள்.

கும்பகோணம் வாசகர்: பாத்திரக் கடையை மகாமகக் குளம் பக்கம் மாற்றிவிட்டோம். புதிய முகவரிக்குப் புதிதாக லிஸ்டிங் தொடங்க வேண்டுமா?

வேண்டாம், தொடங்கினால் பழைய ரிவ்யூ எல்லாம் பழைய இடத்திலேயே நின்றுவிடும், ஒரே கடை இரண்டு இடத்தில் காட்டும். இருக்கிற லிஸ்டிங்கிலேயே முகவரியை மாற்றுங்கள், மறுபடி சரிபார்ப்புக் கேட்கலாம். முகவரி மாற்றினால் மட்டும் போதாது, மேப்பில் கடை இருக்கும் இடத்தைக் காட்டுகிற ‘பின்’ (pin) குறி எங்கே விழுந்திருக்கிறது என்று பெரிதாக்கிப் பாருங்கள். பல கடைகளுக்கு அது பின்பக்கச் சந்தில் விழுந்திருக்கும், வெளியூர்க்காரர் காரோடு அங்கே போய் மாட்டிக்கொள்வார். அந்தக் குறியை இழுத்துக் கடை வாசலில் வையுங்கள்.

விருதுநகர் வாசகர்: மெடிக்கல் ஷாப். ராத்திரி 11 வரை திறந்திருப்போம். ஆனால் ராத்திரிதான் மேப் பார்த்து யாருமே வருவதில்லை.

லிஸ்டிங்கில் 9 மணி என்று இருக்கிறதா பாருங்கள். பொதுவாக ‘மெடிக்கல் ஷாப்’ என்று தேடுகிறவருக்கு, அந்த நேரத்தில் திறந்திருக்கிற கடைக்குக் கூகுள் முன்னுரிமை தருகிறது, இதை 2023 கடைசியில் அவர்களே உறுதிப்படுத்தினார்கள். அதற்காக 24 மணி நேரம் என்று போட்டுவிடாதீர்கள், அவசரத்துக்கு வந்து பூட்டைப் பார்த்துவிட்டுப் போகிறவர் சும்மா போக மாட்டார். பொங்கல், தீபாவளிக்கு ‘ஸ்பெஷல் ஹவர்ஸ்’ தனியாக இருக்கிறது, முந்தின வாரமே போட்டுவிடுங்கள்.

சேலம் வாசகி: பேக்கரிக்கு வெப்சைட் அவசியமா? முன்பு கூகுளே இலவசமாக ஒன்று கொடுத்தது, இப்போது திறக்கவில்லை.

அந்த இலவச வெப்சைட்டுகளைக் கூகுள் 2024 மார்ச்சில் மூடிவிட்டது. கேக் பெட்டியிலும் விசிட்டிங் கார்டிலும் இன்னும் அந்த லிங்க் அச்சாகிக்கொண்டிருந்தால் நிறுத்துங்கள். வெப்சைட் அவசியம் என்று சொல்ல மாட்டேன். பெயர், முகவரி, போன், கேக் விலைப்பட்டியல் என்று ஒரே பக்கம் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் லிஸ்டிங் ஒழுங்காக இருந்தால் ஓடும். அதற்கு முன்னால் ஜஸ்ட்டயல், ஃபேஸ்புக், பிங், ஆப்பிள் மேப் இவற்றில் உங்கள் பேக்கரி பெயரைப் போட்டுப் பாருங்கள். எங்காவது ஒன்றில் நீங்கள் எப்போதோ விட்டுவிட்ட பழைய நம்பர் இருக்கும், பிறந்தநாள் கேக் கேட்டு யார் யாரோ அந்த நம்பருக்குக் கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். முதலில் அதை மாற்றுங்கள்.