ஞாயிற்றுக்கிழமை லூயிஸ் தீவில் பஸ் ஓடாது

மாமியாரை, அவர் பிறந்த ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவின் வடகோடியான நெஸ் பகுதிக்கு ஞாயிறன்று பஸ்ஸில் அழைத்துப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியாது. கிறிஸ்தவ ஓய்வுநாள் என்பதால் அன்று லூயிஸ் தீவில் பஸ் கிடையாது. பெரும்பாலான கடைகளும் அடைத்திருக்கும். பெருநிலத் துறைமுகமான அல்லபூலிலிருந்து தீவின் முக்கிய ஊரான ஸ்டோர்னோவேக்கு ஞாயிறு கப்பல் வந்ததே 2009இல்தான், அதற்கும் எத்தனை எதிர்ப்பு! திங்களுக்கு மாற்றிவிடுங்கள்.

ஞாயிறுதான் தோது என்றால் வாடகைக் காரைக் கப்பலில் ஏற்றிச் செல்லுங்கள். இடத்தை முன்பதிவு செய்வது அவசியம். அங்கே நீங்கள் பார்க்கப் போகும் பெரியம்மா தேவாலயம் போகிறவரென்றால் காலையில் கதவைத் தட்டாதீர்கள். கூடவே போய்விடுவது உத்தமம். தீவின் பழைய மொழியான கேலிக்கில் நடக்கும் ஆராதனையாக இருந்தால், ஒருவர் பைபிளின் சங்கீத வரியை எடுத்துக்கொடுக்க, சபையே இழுத்து இழுத்துப் பாடும்.

பழைய வீட்டில் இப்போது வேறு குடும்பம் என்கிறீர்கள். ஸ்காட்லாந்தின் 2003ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம் திறந்த நிலத்தில் நடக்கத்தான் உரிமை தருகிறது, வீட்டு முற்றத்தில் அல்ல. கேட்டுவிட்டு நுழையுங்கள். மாமியார் தம் தகப்பன், பாட்டன் பெயரைச் சொல்லட்டும். அங்கே ஆளை அடையாளம் காண்பது அப்படித்தான்.