லிஃப்ட் பக்கத்தில் 16 டெஸ்லா காந்தம் வைக்கலாமா?

பல நாட்டுக் குழுக்கள் பகிரப்போகும் 16 டெஸ்லா (காந்தப்புல வலிமையின் அலகு) மீக்கடத்திக் காந்தத்தை, பெங்களூரு கட்டடத்தின் அடித்தளத்தில் லிஃப்டை ஒட்டி வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாங்க. லிஃப்டும் அதன் எதிர்எடையும் இரும்பு; ஏறி இறங்கும்போதெல்லாம் புலம் ஆடும், என்எம்ஆர் (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) அளவீட்டில் வரும் நிறமாலைக் கோடுகள் அகலமாகி மங்கும். பெங்களூரின் ‘நம்ம மெட்ரோ’ ரயில் வேறு 750 வோல்ட் டிசி மின்சாரத்தில் ஓடுகிறது; அந்த மின்னோட்டமும் புலத்தை ஆட்டலாம். இரண்டு மூன்று நாள் ஃப்ளக்ஸ்கேட் (சிறு புல மாற்றத்தையும் அளக்கும் கருவி) வைத்துப் புலத்தைப் பதியுங்கள். இரவில் ரயில் நின்றதும் பதிவான வரைபடம் தட்டையானால் குற்றவாளி ரயில்தான்.

பெரிய தலைவலி குவென்ச்: காந்தம் திடீரென மீக்கடத்தும் தன்மையை இழந்து சூடாகி, அதைக் குளிர்விக்கும் திரவ ஹீலியம் கொதித்துவிடும். ஒரு லிட்டர் திரவ ஹீலியம் சுமார் 750 லிட்டர் வாயுவாகும். 100 லிட்டர் கொதித்தால் 75 கன மீட்டர், அதாவது 5க்கு 5 மீட்டர் அறை 3 மீட்டர் உயரத்துக்கு முழுசாக. அந்த வாயு அறையின் ஆக்சிஜனை வெளியே தள்ளிவிடும்; ஆக்சிஜன் அலாரம் மட்டும் போதாது. வெளியேற்றக் குழாயை வளைவு குறைத்துக் கட்டடத்துக்கு வெளியே விடுங்கள். 5 காஸ் எல்லை (ஒரு டெஸ்லா 10,000 காஸ்; காந்தத்தைச் சுற்றிப் புலம் 5 காஸுக்குக் குறையும் இடம்) மேல்தளத்துக்கும் ஏறலாம். பேஸ்மேக்கர் வைத்தவர் அந்த எல்லைக்குள் உட்காரக் கூடாது.