சான் மார்க்கோவின் வெற்றுச் சுவர்களை எப்படிப் பார்ப்பது?

கோவையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "மகள் மிலானில் படிக்கிறாள். அவளைப் பார்க்கப் போகிற சாக்கில் ஃபிளாரன்ஸிலும் இரண்டு நாள் தங்குகிறோம். சான் மார்க்கோ மடத்து ஓவியங்களைப் பார்த்தே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். கைபேசியில் படங்களைப் பார்த்தேன். பொன்னும் இல்லை, கூட்டமும் இல்லை. வெறும் சுவரில் இரண்டு மூன்று பேர் நிற்கிறார்கள். பாதியில் விட்டதா, காலப்போக்கில் அழிந்ததா என்றே தெரியவில்லை. எங்களுக்கு இருப்பது ஒரே ஒரு காலைப்பொழுது. என் கணவர் தாவீது சிலையைப் பார்க்க வேண்டும் என்கிறார். மடத்துக்குப் போவது வீண்தானா? போனால் எப்படிப் பார்ப்பது?"

தயங்காமல் போங்கள். மகள் சொல்வதுதான் சரி. தாவீது சிலை இருக்கும் அக்காதெமியா அருங்காட்சியகம் அங்கிருந்து சில நிமிட நடைதான், அதனால் உங்கள் கணவரும் ஏமாற வேண்டாம். ஆனால் மடத்தை முதலில் வைத்துக்கொள்ளுங்கள். அக்காதெமியாவின் நெரிசலில் தள்ளுப்பட்டு வந்த கண்ணுக்கு இந்த அறைகள் எதுவும் சொல்லாது. இன்னொரு காரணமும் உண்டு: சான் மார்க்கோவை வழக்கமாகக் காலையில் திறந்து மதியத்தோடு மூடிவிடுவார்கள். விடுமுறை நாட்கள் மாறுவதால் கிளம்புமுன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் சந்தேகத்துக்கு வருகிறேன். அவை பாதியில் விட்ட ஓவியங்கள் இல்லை. அழிந்ததும் பெரும்பாலும் இல்லை. அந்த வெறுமை வேண்டும் என்றே வரைந்தது. அதை ஏற்றுக்கொள்ள, அங்கே யார் எப்படி வாழ்ந்தார்கள் என்று கொஞ்சம் தெரிந்திருந்தால் போதும்.

1436இல் அந்த மடம் டொமினிக்கன் சபையின் கைக்கு வந்தது. நம் ஊர்க் கத்தோலிக்கர்கள் சாமிநாதர் என்று அழைக்கிற புனிதர்தான் டொமினிக். அவர் தொடங்கிய இந்தத் துறவியர் சபையின் உடை: வெள்ளை அங்கி, அதன்மேல் கறுப்புப் போர்வை. இந்த அடையாளத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மாடியில் உதவும். அங்கே குடிவந்தவர்கள் ஃபிளாரன்ஸுக்கு அருகே ஃபியசோலே மலையில் இருந்த மடத்தின் துறவிகள். சபையின் பழைய ஒழுங்குகளைத் தளர்த்தவே கூடாது என்று உறுதியாக இருந்த பிரிவு. கட்டடத்தைப் புதுப்பிக்க வங்கி முதலாளி கோசிமோ தே மெதிச்சி பணம் கொடுத்தார், கட்டடக் கலைஞர் மிக்கேலோட்சோ கட்டினார். சுவர்களில் வரைய வெளியாள் வரவில்லை. அதே சபையின் துறவி ஒருவரே வரைந்தார். பெற்றோர் வைத்த பெயர் குயிதோ, மடத்தில் ஃப்ரா ஜொவான்னி, இன்று உலகம் அழைக்கும் பெயர் ஃப்ரா ஆஞ்சலிக்கோ.

மாடியில் ஆளுக்கு ஒரு சின்ன அறை. படுப்பது, படிப்பது, தனியாக ஜெபிப்பது எல்லாம் அங்கேதான். ஒவ்வொரு அறையிலும் சுவரில் ஓர் ஓவியம். 13ஆம் நூற்றாண்டில் இந்தச் சபையின் முதல் தலைமுறையைப் பற்றி எழுதிவைத்த ஒரு பதிவில் அருமையான செய்தி ஒன்று வருகிறது. அந்தச் சகோதரர்கள் தங்கள் அறைகளில் மாதாவின் உருவத்தையும் சிலுவையில் தொங்கும் அவர் மகனின் உருவத்தையும் வைத்திருந்தார்களாம். படிக்கும்போதும் ஜெபிக்கும்போதும் தூங்கும்போதும் அவற்றைத் தாங்கள் பார்க்கலாம், அவையும் தங்களைப் பார்க்கலாம் என்பதற்காக. 'அவையும் தங்களைப் பார்க்கலாம்' என்பதை விட்டுவிடாதீர்கள். தூங்குகிறவனையும் பார்த்துக்கொண்டிருக்கிற படம் அது.

கோயில் பீடத்துப் படத்துக்கு இருக்கும் வேலை வேறு. தூரத்தில் நிற்கிற கூட்டத்தை அது கூப்பிட்டாக வேண்டும், மெழுகுதிரி வெளிச்சத்தில் மின்ன வேண்டும். அதனால்தான் பொன் பூச்சு, அதனால்தான் வரிசையாகப் புனிதர்கள். அறைச் சுவரில் இருப்பதை ஒரே ஒருவர் ஆண்டுக்கணக்கில் தினமும் பார்க்கப்போகிறார். சுவிசேஷம் அவருக்கு மனப்பாடம். அவருக்குக் கதை சொல்லத் தேவையில்லை, வேடிக்கை காட்டவும் தேவையில்லை. மரமும் ஊரும் வேடிக்கை பார்க்கும் ஜனமும் படத்தில் இருந்தால் மனம் அவற்றின் பின்னால் போய்விடும். ஆஞ்சலிக்கோ அவற்றையெல்லாம் எடுத்துவிட்டார்.

சரி, மாடி ஏறுவோம். படிக்கட்டின் இரண்டாம் திருப்பத்தில் தலை நிமிர்ந்தால் எதிரே கபிரியேல் தூதர் மரியாளுக்குச் சேதி சொல்கிற மங்கள வார்த்தைக் காட்சி, சுவரை நிறைத்துக்கொண்டு நிற்கும். அங்கே நடைபாதை எல்லோருக்கும் பொது, அதனால் படமும் பெரிது. அதன் அடியில் ஒரு லத்தீன் வரி எழுதியிருக்கிறது: மாசற்ற கன்னியின் உருவத்துக்கு முன் வரும்போது, 'வாழ்க' என்று சொல்லாமல் கடந்துபோய்விடாதபடி பார்த்துக்கொள். நள்ளிரவு ஜெபம் முடித்து அரைத்தூக்கத்தில் அறைக்குத் திரும்புகிறவருக்கும் சேர்த்து எழுதியது என்றுதான் எனக்குத் தோன்றும். 'அருள் நிறைந்த மரியே வாழ்க' என்கிற மந்திரம் லத்தீனில் தொடங்குவதே அந்த 'வாழ்க' என்கிற சொல்லில்தான். படத்தில் தூதர் சொல்வதும் அதே சொல். படியேறி வருகிறவர் அதைத் திருப்பிச் சொல்லும்போது காட்சிக்குள் அவரும் வந்துவிடுகிறார்.

அறைகள் 40க்கு மேல் இருக்கின்றன. எல்லாவற்றையும் பார்க்க முயலாதீர்கள். முதல் தடவை போனபோது நான் செய்த தவறு அதுதான்: ஒவ்வொரு வாசலிலும் அரை நிமிடம் எட்டிப் பார்த்து நகர்ந்தேன், வெளியே வந்தபோது எந்த அறையில் எது என்று ஒன்றும் மனதில் நிற்கவில்லை. தவிர, எல்லாமே ஆஞ்சலிக்கோவின் கை இல்லை. பெனோட்சோ கோட்சோலி உள்ளிட்ட உதவியாளர்கள் வரைந்தவையும் கலந்திருக்கின்றன. 1, 3, 7 என்ற மூன்று அறைகளையும், நவசந்நியாசிகளின், அதாவது சபையில் புதிதாகச் சேர்ந்தவர்களின், அறைகளில் இரண்டு மூன்றையும், கடைசியாக 38, 39ஐயும் குறித்துக்கொள்ளுங்கள்.

3ஆம் அறையில் நிதானமாக நில்லுங்கள். அங்கேயும் மங்கள வார்த்தைதான், ஆனால் நடைபாதையில் இருந்த தோட்டம், வேலி, அழகான தூண்தலைகள் எதுவும் இல்லை. வளைந்த கூரையுள்ள ஒரு வெற்றிடம், இளஞ்சிவப்பு உடையில் தூதர், சின்ன முக்காலியில் மண்டியிட்டுப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்திருக்கும் மரியாள். போனதும் உங்களுக்கு ஒன்றும் சரியாகத் தெரியாது. காரணம், ஓவியம் இருப்பது ஜன்னல் இருக்கிற அதே சுவரில், ஜன்னலுக்குப் பக்கத்திலேயே. வெளிச்சம் நேரே உங்கள் கண்ணில் விழும், சுவர் மங்கிக் கிடக்கும். ஒரு நிமிடம் பொறுங்கள். கண் பழகப் பழக, தூதருக்கும் மரியாளுக்கும் நடுவில் இருக்கும் அந்த வெள்ளைச் சுவர் மெதுவாக மேலெழும். படத்தில் பெரும்பகுதி அந்த வெள்ளைதான். அந்த அறையின் சொந்தச் சுவரும் கூரையும் படத்துக்குள் தொடர்வதுபோல இருக்கும். கைபேசிப் படத்தில் இது ஒருக்காலும் தெரியாது. அதில் ஒரே சீரான வெளிச்சம், ஜன்னலை வெட்டியும் எறிந்திருப்பார்கள். உங்களுக்கு அது வெறும் சுவராகத் தெரிந்ததில் உங்கள் தவறு எதுவும் இல்லை.

அப்புறம் இடது ஓரத்தைப் பாருங்கள். தலையில் ரத்தக் காயத்தோடு ஒரு துறவி கைகூப்பி நிற்கிறார். 1252இல் கொல்லப்பட்ட டொமினிக்கன் வேதசாட்சி பேதுரு. மங்கள வார்த்தை நடந்த நாசரேத்தில் அவருக்கு என்ன வேலை? அறையில் குடியிருப்பவர் எப்படி நிற்க வேண்டும் என்று காட்டுவதுதான் வேலை. பல அறைகளில் இப்படி ஒருவர் இருப்பார், பெரும்பாலும் டொமினிக்கே. நான் எல்லோருக்கும் சொல்லும் ஒரே உபாயம் இது: நடுவில் நடப்பதைப் பார்க்குமுன், வெள்ளை அங்கி கறுப்புப் போர்வை ஆளைத் தேடுங்கள். அவர் பார்க்கிற விதம்தான் படத்தின் திறவுகோல்.

7ஆம் அறையில் அது பளிச்சென்று விளங்கும். கண் கட்டப்பட்ட இயேசு உயரமான வெள்ளை இருக்கையில் அமர்ந்திருக்கிறார். பின்னால் ஒரு பச்சைப் பலகை. அதில் உடம்பே இல்லாத கைகள் அந்தரத்தில் நின்று அவரை அடிக்கின்றன. ஒரு கை கோலைப் பிடித்திருக்கிறது. தலை மட்டும் உள்ள ஒருவன் தொப்பியைத் தூக்கி மரியாதை செய்வதுபோல நடித்துக்கொண்டே துப்புகிறான். முதல் தடவை பார்க்கிறவர்கள் அதிர்ந்துபோவார்கள். கீழே படியில் இரண்டு பேர். இடப்பக்கம் மரியாள், மகனுக்கு முகம் காட்டாமல் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறார். வலப்பக்கம் டொமினிக். அவர் இயேசுவைப் பார்க்கவே இல்லை. மடியில் புத்தகம், மோவாயில் கை, வாசிப்பில் மூழ்கியிருக்கிறார். மேலே நடப்பது அவர் வாசிக்க வாசிக்க மனதில் விரிவது. நினைத்துப் பார்க்கிறவருக்குக் கை மட்டும்தான் நினைவுக்கு வரும், அடித்தவனின் உடம்பும் செருப்பும் வராது. அந்த அறையில் இருந்த துறவியும் அப்படித்தான் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருப்பார்.

1ஆம் அறையில் உயிர்த்த இயேசு தோட்டத்தில் மகதலா மரியாவுக்குக் காட்சி தருகிறார். புல்லில் இருக்கிற சிவப்புப் பூக்களைக் கிட்டத்தில் பாருங்கள். இதழ் இதழாக வரைந்ததில்லை, சிவப்பு மண்வண்ணத்தில் தொட்டுவைத்த சின்னப் பொட்டுகள். இயேசுவின் கையிலும் காலிலும் உள்ள காயங்களும் அதே மாதிரிப் பொட்டுகள்தான்.

நவசந்நியாசிகளின் அறைகளில் திரும்பத் திரும்ப ஒரே காட்சி: சிலுவை, அதன் அடியில் டொமினிக். சலிப்பாக இருக்கிறதே என்று நகர்ந்துவிடாதீர்கள். ஓர் அறையில் முகத்தைக் கையால் மூடியிருக்கிறார், இன்னொன்றில் தன்னைத்தானே அடித்துக்கொள்கிறார், வேறொன்றில் சிலுவையைக் கட்டிக்கொள்கிறார். டொமினிக் ஜெபித்த விதங்கள் என்று சபையில் ஒரு வரிசையே வழங்கிவந்தது. புதிதாகச் சேர்ந்த இளைஞர்களுக்கு உடம்பால் எப்படி ஜெபிப்பது என்று கற்றுக்கொடுத்த பாடம் இது.

பிறகு 38, 39க்குப் போங்கள். பணம் கொடுத்த கோசிமோ தனித்திருக்க வரும்போது தங்குவதற்கான இரட்டை அறை. இங்கே மட்டும் கை தாராளம்: செறிந்த நிறங்கள், குழந்தை இயேசுவைக் காண வந்த மூன்று ராஜாக்களும் அவர்களின் பெரிய பரிவாரமும். அந்த மடத்துக் கோயிலை 1443இல் மூன்று ராஜாக்கள் திருநாளன்றுதான் போப் நான்காம் யூஜின் முன்னிலையில் அர்ச்சித்தார்கள். துறவிகளின் அறைகளைப் பார்த்த கையோடு இதைப் பார்த்தால், அங்கே இல்லாதது இயலாமையால் இல்லாமல்போகவில்லை என்று புரியும்.

அழிந்ததா என்று கேட்டீர்களே, உண்மையிலேயே அழிந்த இடம் ஒன்றும் இருக்கிறது. கீழே துறவிகள் கூடும் மன்றத்தில் சுவர் முழுக்கச் சிலுவைக் காட்சி. வானம் செம்மண் நிறத்தில் இருண்டு கிடக்கும். அது ஓவியரின் எண்ணம் இல்லை. ஈரச் சுண்ணாம்புச் சுதையில் அன்றன்றைக்குத் தேவையான அளவு பூசி, காய்வதற்குள் வரைந்தால் நிறம் சுண்ணாம்போடு இறுகிவிடும். அந்த நீலத்தை மட்டும் சுதை காய்ந்தபின் மேலே பூசினார்கள். அது உதிர்ந்துபோய், அடியில் போட்டிருந்த சிவப்புப் பூச்சுத்தான் இப்போது தெரிகிறது. அறை ஓவியங்களில் நீங்கள் பார்த்த வெண்மை அப்படி உதிர்ந்து வந்ததில்லை, சுதையோடு சேர்ந்தே வரைந்தது.

தரைத்தளத்தில் ஆஞ்சலிக்கோவின் பொன் பூசிய பலகை ஓவியங்களும் நிறைய இருக்கின்றன. பலரும் அங்கே தொடங்குவார்கள். நீங்கள் மாடிக்கு முதலில் போங்கள், பொன்னைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். எல்லாவற்றுக்கும் இரண்டு மணி நேரம் தாராளம்.

மாடியிலிருந்து இறங்குமுன் படிக்கட்டு எதிரே உள்ள பெரிய படத்துக்கு மறுபடி ஒரு நிமிடம் கொடுங்கள். மரியாளுக்குப் பின்னால் ஒரு வாசல், உள்ளே ஒரு சிறிய அறை, அதில் கம்பி போட்ட ஒரு சின்ன ஜன்னல். ஏறி வரும்போது அது கண்ணில் பட்டிருக்காது.