கதவுதான் பெட்டி: கார் ஸ்பீக்கர் கேள்வி பதில்

கேள்வி: ஹேட்ச்பேக் காரின் முன் கதவுகளில் பழைய ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு 6.5 இஞ்ச் புது செட் மாட்டினேன். குரல் தெளிவாக இருக்கிறது, பாஸ் மட்டும் இல்லை. கதவுக்குள் ஃபைபரில் சின்னப் பெட்டி கட்டி மூடிவிட்டால் வரும் என்கிறார் கடைக்காரர். கட்டலாமா? (திண்டுக்கல் வாசகர்)

பதில்: வேண்டாம், இருக்கிற பாஸும் போய்விடும். ஸ்பீக்கர் அட்டைப்பெட்டியிலோ கையேட்டிலோ மூன்று எண்கள் இருக்கும்: எஃப்.எஸ். (Fs), க்யூ.டி.எஸ். (Qts), வி.ஏ.எஸ். (Vas). முதலாவது, ஸ்பீக்கர் தானாக அதிரும் அதிர்வெண். இரண்டாவது, அந்த அதிர்வு எவ்வளவு கட்டுக்குள் இருக்கிறது என்பது. மூன்றாவது, கோனை (முன்னும் பின்னும் அசையும் கூம்பை) பிடித்திருக்கும் மீள் விளிம்புக்குச் சமமான துள்ளல் கொண்ட காற்றின் அளவு, லிட்டரில்.

உதாரணமாக 65 ஹெர்ட்ஸ், 0.6, 9 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். கதவுக்குள் கட்ட இடம் கிடைப்பது 20 செ.மீ. நீளம், 15 செ.மீ. உயரம், 10 செ.மீ. ஆழம், அதாவது 3 லிட்டர். 9-ஐ 3-ஆல் வகுத்து 1 கூட்டினால் 4. அதன் வர்க்கமூலம் 2. முதல் இரண்டு எண்களையும் இந்த 2-ஆல் பெருக்குங்கள்: 130 ஹெர்ட்ஸ், 1.2. அதாவது 130-க்குக் கீழே ஒலி சரசரவென்று இறங்கிவிடும், அந்த இடத்தில் மட்டும் ஒரு மேடு எழும்பும். குடத்துக்குள் பேசுகிற மாதிரி 'பூம் பூம்' என்று கேட்பது அந்த மேடுதான்.

அதே ஸ்பீக்கருக்குக் கதவு முழுவதையும், சுமார் 30 லிட்டர், பெட்டியாகக் கொடுத்துப் பாருங்கள். பெருக்கும் எண் 1.14-தான். 74 ஹெர்ட்ஸ், 0.68. இரண்டாவது எண்ணான க்யூ 0.7-ஐ ஒட்டி இருந்தால் போதும், மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. கதவில் மாட்டவென்றே விற்கும் ஸ்பீக்கர்களில் பெரும்பாலானவை இந்தக் கணக்கில்தான் செய்யப்படுகின்றன.

பிறகு ஏன் பாஸ் இல்லை? கதவு ஓட்டையாக இருக்கிறது. கோன் முன்னால் காற்றைத் தள்ளும்போது பின்னால் இழுக்கிறது. உள்தகட்டில் இருக்கும் பெரிய ஓட்டைகள் வழியாகப் பின்பக்கக் காற்று முன்னால் வந்து கலந்தால் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். தாழ்ந்த ஸ்வரங்களில்தான் இந்த நஷ்டம் அதிகம். அதனால் குரல் தப்பித்துக்கொள்கிறது, மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் காணாமல் போகிறது.

செலவில்லாத சோதனை ஒன்றை முதலில் செய்துவிடுங்கள். ஸ்பீக்கர் வயரைக் கழற்றி 1.5 வோல்ட் பேட்டரியைப் பிளஸ், மைனஸ் பார்த்து ஒரு நொடி தொடுங்கள். இரண்டு கதவிலும் கோன் வெளியே வர வேண்டும். வந்தால், அதே முறைப்படி இரு பக்கமும் வயர் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றில் மாறியிருந்தாலே பாஸ் பாதி செத்துவிடும். உச்ச ஸ்வரங்களுக்கான சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டரில் இதைச் செய்யாதீர்கள்.

கேள்வி: அந்த ஓட்டைகளை அடைப்பது எப்படி? அதிர்வை அடக்கும் டாம்பிங் ஷீட் மட்டும் ஒட்டினால் போதுமா? (சேலம் வாசகர்)

பதில்: சின்ன ஓட்டைக்குப் போதும். கை நுழையும் ஓட்டைக்குப் போதாது. ஷீட் மட்டும் இருந்தால் பறைத்தோல் போலத் தானும் அதிரும். 1 மி.மீ. அலுமினியத் தகட்டை ஓட்டையைவிடச் சுற்றிலும் 2 செ.மீ. பெரிதாக வெட்டி, இடையில் ஃபோம் டேப் வைத்து, ஸ்க்ரூவால் முடுக்குங்கள். அதன் மேல் ஷீட். நிரந்தரமாக ஒட்டிவிட்டால் பவர் விண்டோ மோட்டார் பழுதாகும் நாளில் அழ வேண்டியிருக்கும். மூடும் முன் உள்ளே கம்பிகளும் கைப்பிடி கேபிளும் எங்கே நகர்கின்றன என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வேலை வரிசை இப்படி. டோர் பேடை (கதவின் உள்பக்க மூடியை) கழற்றும் முன் அதே மாடல் கிளிப் ஆறு வாங்கி வையுங்கள், குறைந்தது இரண்டு உடையும். பிளாஸ்டிக் தாளை எடுத்ததும் கறுப்புப் பசை கையெல்லாம் ஒட்டும். அந்தப் பசையையே கொஞ்சம் உருட்டி, ஒத்தி ஒத்தி எடுத்தால் மிச்சமெல்லாம் உருண்டையோடு வந்துவிடும். மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்க்காதீர்கள். எண்ணெய்ப் படலம் நின்றால் ஷீட் பிடிக்காது. கடைசித் துடைப்பு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில்.

ஷீட்டை முதலில் ஒட்ட வேண்டியது வெளித்தகட்டின் உட்புறம், ஸ்பீக்கருக்கு நேர் பின்னால். தகட்டில் கால் பங்கு மூடினாலே அதிர்வு அடங்கும், முழுவதும் போர்த்துவது கதவுக்கு வெறும் பாரம். ஷீட்டின் அலுமினிய முகத்தில் அச்சுக் கட்டங்கள் இருக்கும். உருளையால் அழுத்த அழுத்த அவை மட்டமாகும், மட்டமானால் பிடித்துவிட்டது என்று அர்த்தம். பியூட்டைல் என்ற ரப்பர் வகை ஷீட்டாகவே வாங்குங்கள். தார் ஷீட் நம் சித்திரை வெயிலில் இளகி நாறும், பிறகு கழன்று கதவுக்குள் விழும்.

கதவின் அடியில் இருக்கும் வடிகால் துளைகளை மட்டும் தொடவே கூடாது. கண்ணாடி பீடிங் வழியாக மழைநீர் உள்ளே வருவது பழுது அல்ல, வடிவமைப்பே அப்படி. வேலை முடிந்ததும் கண்ணாடி மேல் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றுங்கள், அடியில் சொட்ட வேண்டும். சில கார்களில் பக்கவாட்டு ஏர்பேகுக்கான காற்றழுத்த சென்சார் கதவுக்குள்ளேயே இருக்கிறது. அப்படிப்பட்ட கதவில் புது ஓட்டை போடாதீர்கள், கம்பெனி மூடி வைத்ததைத் திறக்கவும் வேண்டாம்.

கேள்வி: ஸ்பீக்கருக்குப் பின்னால் போடும் ஃபோம் கிண்ணம் நல்லதா? (தூத்துக்குடி வாசகர்)

பதில்: முழுக் கிண்ணமாகப் போட்டால் அதுவும் ஒரு சின்னப் பெட்டியாகிவிடும், தண்ணீரையும் தேக்கும். அடியையும் பின்பக்கத்தையும் வெட்டிவிட்டு மேல் பாதியை மட்டும் குடையாக வையுங்கள்.

அதைவிட முக்கியம் முன்பக்கம். ஸ்பீக்கர் விளிம்புக்கும் டோர் பேட் கிரில்லுக்கும் இடையில் ஃபோம் வளையம் இல்லாவிட்டால் ஒலி பேடுக்குப் பின்னால் புகுந்து கிளிப்பையெல்லாம் கிடுகிடுக்க வைக்கும். ஸ்பீக்கரை உயர்த்தி மாட்ட மர ஸ்பேசர் (வளையம்) போடுவதாக இருந்தால் மரைன் பிளைவுட், வார்னிஷ் அடித்து. மரத்தூளை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகை இரண்டு மழைக்கு ஊதிப்போகும். ஸ்பேசர் உயரத்தைக் கண்ணாடியை முழுக்க இறக்கி வைத்து அளக்கவும், ஸ்பீக்கர் மேக்னட்டில் இடித்தால் கண்ணாடி நொறுங்கவும் கூடும்.

கேள்வி: அப்படியானால் மூடிய பெட்டி எதற்குத்தான்? பின்னால் 6x9 இஞ்ச் நீள்வட்ட ஸ்பீக்கர் ஜோடியைப் பெட்டியோடு வைக்கலாமா? (திருச்சி வாசகர்)

பதில்: பாஸுக்கென்றே உள்ள சப்வூஃபருக்கும், டேஷ்போர்டில் வைக்கும் 3 இஞ்ச் மிட்ரேஞ்சுக்கும் (நடு ஸ்வரங்களுக்கான ஸ்பீக்கர்) மூடிய பெட்டி நன்றாக ஒத்துவரும். உள்ளே அடைபட்ட காற்று ஸ்பிரிங் போலக் கோனைத் தடுத்து நிறுத்துவதால் அதிக வால்யூமைத் தாங்கும். கதவில் அந்தப் பிடிமானம் குறைவு. அதனால் ஸ்டீரியோவில், குறிப்பிட்ட அதிர்வெண்ணுக்குக் கீழே உள்ள ஒலியைத் தடுக்கும் ஹை பாஸ் (high pass) ஃபில்டரைப் போடுங்கள்: சப்வூஃபர் இருந்தால் 80 ஹெர்ட்ஸ், இல்லாவிட்டால் 60.

செடான் காரில் பின்சீட்டுக்குப் பின்னால் உள்ள தகட்டிலேயே 6x9 ஓட்டை இருந்தால் பெட்டியே வேண்டாம், டிக்கிதான் பெட்டி. ஹேட்ச்பேக்கில் அந்த இடத்தில் இருக்கும் பார்சல் டிரே வெறும் அழுத்தப்பட்ட அட்டை. 12 மி.மீ. பிளைவுட் கொடுக்காமல் ஓட்டை போட்டால் தொய்ந்து படபடக்கும். அதன் மேல் தளர்வாக வைத்த பெட்டி, சடன் பிரேக் போட்டால் பின்சீட்டில் இருப்பவர் தலைக்கு வரும். அந்தப் பணத்தை முன் கதவுக்கே போடச் சொல்வோம். பெட்டிதான் வேண்டும் என்றால் டிக்கித் தரையில் பட்டை போட்டுக் கட்டி, மேலே சொன்ன கணக்கைப் போட்டுப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: பெட்டிக்குள் வைப்பது போலக் கதவுக்குள்ளும் பஞ்சு அடைக்கலாமா? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: கூடாது. ஐப்பசி மழையில் நனைந்தால் பூஞ்சையும் துருவும்தான் மிச்சம். பெட்டிக்குள் தலையணையில் அடைக்கும் பாலியெஸ்டர் நார் தளர்வாக வைக்கலாம், பெட்டி கொஞ்சம் பெரிதானது போல நடந்துகொள்ளும். இலவம்பஞ்சு நாளடைவில் அமுங்கிக் கட்டியாகிவிடும்.