முதல் ஃபிலிம் கேமரா: பெயரைவிட லென்ஸைப் பாருங்கள்

தென்காசிப் பக்கத்துச் செங்கோட்டையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: முதல் ஃபிலிம் கேமராவாக எதை வாங்கலாம், பென்டாக்ஸ் கே1000-ஆ, கேனன் ஏஇ-1-ஆ?

என் ஓட்டு கே1000-க்குத்தான். இரண்டுமே 1976-இல் வந்தவை. ஏஇ-1-இல் பேட்டரி தீர்ந்தால் ஷட்டரே விழாது, படமே எடுக்க முடியாது. கே1000-இல் வெளிச்சத்தை அளக்கும் லைட் மீட்டர் மட்டும்தான் நிற்கும். வெயிலைக் கண்ணால் கணித்துப் படம் எடுக்கலாம். கற்றுக்கொள்ள அதுவே நல்லது.

ஆனால் நம் பக்கம் பெரிய எதிரி பூஞ்சை. ஆரியங்காவு கணவாய் வழியாகச் சாரல் வரும் மாதங்களில் பீரோவில் வைத்த துணியே நமுத்துப்போகும், லென்ஸ் எம்மாத்திரம்! வாங்கும்போது லென்ஸைக் கழற்றி, அதில் ஒளி புகும் துளையை (அபர்ச்சர்) முழுசாகத் திறந்து, பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி மெல்லிய இழைகள் தெரிந்தால் வேண்டாம். என் முதல் லென்ஸ் அப்படித்தான் வந்தது, விளக்கை நோக்கி எடுத்த படமெல்லாம் பால் ஊற்றியதுபோல வெளுத்தது.

அப்புறம், பின்கதவைத் திறந்து ஓரத்து ஸ்பாஞ்சைத் தொடுங்கள். கறுப்பாகப் பிசுபிசுத்தால் வெளிச்சம் கசியும்; அதை மாற்றிக்கொள்ளலாம், விலையைக் குறைத்துக் கேளுங்கள். வீட்டில் காற்றுப் புகாத டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல் போட்டு வையுங்கள். தோல் உறை மட்டும் வேண்டாம், ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும்.