1804 சென்ட்: வாங்கும் முன் பின்பக்கத்தைப் பாருங்கள்

வணக்கம் நண்பரே. 1793 முதல் 1814 வரையிலான அமெரிக்கச் செப்புச் சென்ட் நாணய வரிசையில் 1799, 1804 மட்டும் பாக்கி, இப்போது 1804 ஒன்று மலிவாக வருகிறது என்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். 1803-இன் கடைசி இலக்கத்தைச் சுரண்டி 4 ஆக்கியவை ஏராளம்.

அசலில் ஆண்டின் 0-க்கு நேர் பின்னால், மறுபக்கத்தில் ‘ஆஃப்’ (OF) என்ற சொல்லின் முதல் எழுத்து இருக்கும். 4-இன் குறுக்குக்கோட்டு நுனியில் சிறு செங்குத்துக் கோடும் இருக்கும். இரண்டில் ஒன்று தவறினாலும் விட்டுவிடுங்கள். ‘லிபர்ட்டி’ (LIBERTY) என்ற சொல்லின் கடைசி எழுத்துகளுக்கு மேல் விளிம்பு புடைத்திருந்தால் அஞ்ச வேண்டாம், நாணயம் அடிக்கும் அச்சு உடைந்ததன் தடம் அது, அசலில் அடிக்கடி காணலாம்.

நாணயம் தேயாமல் பளிச்சென்று இருக்கிறதா? அப்படியானால் 1860 வாக்கில் பழைய அச்சுகளைக் கொண்டு தனியார் அடித்த மறுபதிப்பாக இருக்கலாம். அதன் பின்பக்க அச்சு 1820-ஐச் சேர்ந்தது. அதுவும் சேகரிக்கத் தக்கதே, ஆனால் உங்கள் வரிசையின் வெற்றிடத்தை நிரப்பாது.

1799 இன்னும் அரிது. 1798-இன் 8-ஐ 9 ஆக்கியே ஏமாற்றுவார்கள். சான்றளிப்பு நிறுவனம் அசல் என்று சோதித்து உறையிட்ட, தேய்ந்த நாணயமே போதும். ஆண்டு தெளிவாகத் தெரிந்தால் சரி. 1815-ஐத் தேடாதீர்கள், அந்த ஆண்டு பொறித்த சென்ட்டே கிடையாது. இருபக்கப் படங்களையும் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.